கற்பூரம் முதல் காற்றிலாப் பை வரை

தீபாவளிக்கு வந்த உறவினர் விடைபெற்றுச் சென்ற மறுநாள், மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உள்ள பல தமிழ் இல்லங்களில் ஒரே வகையான வேலை நடைபெறுவதைக் காணலாம். விருந்தினருக்கென எடுத்த போர்வைகளும் மெத்தை விரிப்புகளும் துவைத்து உலர்த்தப்படுகின்றன. பின்னர்த் தடித்த நெகிழிப் பையொன்றினுள் அடுக்கப்படுகின்றன. பையின் வாயை இறுக மூடி, அதிலுள்ள சிறு துளையில் தூசி உறிஞ்சும் பொறியின் குழலைப் பொருத்துகின்றனர். சில நொடிகளில் பை பெருமூச்சு விட்டாற்போல் சுருங்கிப் பலகையாக இறுகிவிடுகிறது. மூன்றடி உயரம் இருந்த துணிக்குவியல் கட்டிலின் அடியில் நுழையும் அளவிற்கு ஒடுங்கிவிடுகிறது. அடுத்த தீபாவளிவரை அதனை எவரும் தொடுவதில்லை.

பை புதியது. ஆனால் உடுத்தாத துணியையும் விரிக்காத படுக்கையையும் கெடாமல் காக்கவேண்டும் என்னும் கவலை மிகப் பழையது. அக்கவலைக்கு இவ்வட்டாரத்தில் ஆயிரம் ஆண்டு வரலாறு உண்டு. அவ்வரலாற்றில் வணிகமும் உண்டு, பிரிவும் உண்டு. பச்சிளங் குழந்தைகளின் உயிர்ச்சேதமும் உண்டு.

குளிர்நாட்டார் பருவந்தோறும் உடையை மாற்றுவர். கம்பளி ஆடை கோடையில் பெட்டிக்குள் போகும். பருத்தியாடை பனிக்காலத்தில் போகும். மலைநாட்டில் அத்தகைய பருவமாற்றம் இல்லை. இங்குப் பெட்டிக்குள் வாழ்வன திருநாட்பட்டும், திருமணச் சேலையும், விருந்தினர்ப் படுக்கையும், மேற்படிப்புக்காகக் குளிர்நாடு சென்று திரும்பிய பிள்ளையின் கம்பளிச் சட்டையுமே ஆகும். கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் வாழ்ந்த குடும்பங்களுக்கு மட்டும் கம்பளி அன்றாடப் பொருள். அங்கே 1929-இல் போ தேயிலைத் தோட்டம் தொடங்கப்பெற்றது முதல் கொழுந்து பறித்த தமிழர், சமவெளித் தோட்டங்களில் இருந்த தம் உறவினர் அறியாத குளிரை அறிந்திருந்தனர்.

பருவம் இல்லை என்பதனால் கேடும் இல்லை என்று கருதலாகாது. இந்நாட்டுக் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலான நாட்களில் 80 விழுக்காட்டை ஒட்டியே நிற்பது. 70 விழுக்காட்டைத் தாண்டினாலே துணியில் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும். அதனுடன் பூச்சிகளும் சேர்ந்துகொள்கின்றன. அந்துப்பூச்சியின் புழு கம்பளியையும் பட்டையும் தின்னும். தூய பருத்தியை அது பெரிதும் நாடுவதில்லை. ஆனால் பருத்தி வேட்டிக்கு நம்மவர் கஞ்சி போடுகின்றனர். இராமபாணம் எனத் தமிழ் வழங்கும் வெள்ளிப் பூச்சிக்குக் கஞ்சிப்பசையே விருந்து. மலாய்க்காரர் அதனைக் ‘கெகாட்’ என்பர். துணிக்கு இடும் பூச்சி உருண்டையை ‘ஊபாட் கெகாட்’, அதாவது கெகாட்டுக்கான மருந்து என்பர். அந்துருண்டை என்று தமிழ் அந்துவை நினைந்து பெயரிட, மலாய்மொழி வெள்ளிப் பூச்சியை நினைந்து பெயரிட்டது. அவரவர் பெட்டியில் அவரவர் கண்ட பகைவன்!

மலாய், இந்தோனேசிய மொழி பேசுவோரிடையே இவ்வுருண்டைக்கு இன்னொரு பெயரும் வழக்கில் உண்டு. அது ‘காப்பூர் பாரூஸ்’ என்பது. பாரூஸ் என்பது சுமத்திராவின் மேற்குக் கரையில் உள்ள பழந்துறைமுகம். அதன் பின்னுள்ள காடுகளில் வளர்ந்த காப்பூர் மரத்தின் உள்வெடிப்புகளில் இயற்கையாகவே உறைந்து கிடந்த கற்பூரமே, அரபு நாடு முதல் சீனம் வரை பொன்னுக்கு நிகராக மதிக்கப்பெற்றது. சிலப்பதிகாரத்திற்கு உரை கண்ட அடியார்க்குநல்லார் கற்பூர வகைகளை அடுக்கிச் சொல்லுமிடத்து ‘வாறோசு’ என்னும் வகையையும் சேர்க்கிறார். அறிஞர் அது பாரூஸ் நகரின் பெயரே எனக் கண்டனர்.

இதற்குக் கல்லிலும் சான்று உண்டு. பாரூஸ் அருகே லோபு துவா என்னும் இடத்தில் 1873-இல் ஒரு தமிழ்க் கல்வெட்டு கண்டெடுக்கப்பட்டது. சக ஆண்டு 1010, அதாவது கி.பி. 1088-இல் பொறிக்கப்பெற்றது அது. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் பெருவணிகக் குழுவினர் அங்குக் கூடி, துறைக்கு வரும் மரக்கலத்தார் செலுத்தவேண்டிய பொன்னைக் கத்தூரியின் விலையை அளவாகக் கொண்டு வரையறுத்த செய்தியை அது கூறுகிறது. அவ்வூரின் பெயர் அக்கல்வெட்டிலும் வாரோசு என்றே காணப்படுகிறது. 1932-இல் பேராசிரியர் நீலகண்ட சாத்திரியார் அதனை ஆராய்ந்து வெளியிட்டார். இராசேந்திர சோழன் கடாரத்தின் மீது படை செலுத்திய 1025-ஆம் ஆண்டினை நம் மாணவர் தவறாமல் ஒப்புவிக்கின்றனர். அறுபத்து மூன்று ஆண்டுகள் கழித்துப் படையின்றிக் கூடிய இவ்வணிகர் கூட்டத்தை அறிந்தவர் சிலரே.

கற்பூரம் எடுப்பது எளிய தொழிலன்று. மரத்தை வீழ்த்திப் பிளந்து பார்த்தாலன்றி உள்ளே கற்பூரம் உண்டா இல்லையா என்பது தெரியாது. பல மரங்களில் ஒன்றும் இராது. சொகூர் மாநிலக் காடுகளில் கற்பூரம் தேடிச் சென்ற யாக்குன் என்னும் பழங்குடியினர், அத்தேடல் முடியும்வரை அன்றாடச் சொற்களை விலக்கி, அதற்கென்றே அமைந்த ஒரு தனிமொழியைப் பேசினர். ‘பந்தாங் காப்பூர்’ எனப் பெயர்பெற்ற அவ்வழக்கினைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் சிலர் பதிவு செய்துள்ளனர். இயல்பான சொல் காதில் விழுந்தால் கற்பூரம் மறைந்துவிடும் என்பது அவர்தம் நம்பிக்கை. அம்மரத்தை இன்று காண விரும்பும் மாணவர் கெப்போங்கில் உள்ள வன ஆய்வு நிலையத்திற்குச் செல்லலாம். அங்கு நிற்கும் காப்பூர் மரங்களின் உச்சிகள் ஒன்றையொன்று தொடாமல், இடையே ஆற்றுக் கிளைகளைப்போல் வானம் தெரிய நிற்கும் காட்சி நெஞ்சை விட்டு அகலாதது.

இத்தனை அரிய பொருளைத் துணிப்பெட்டியில் போட்டவர் யார்? அரண்மனையாரும் பெருஞ்செல்வரும் போட்டிருக்கலாம். எளிய மக்களின் துணியைக் காத்தவை உலர்ந்த வேப்பிலையும் வெட்டிவேருமே. கற்பூரம் எல்லார் வீட்டுக்கும் வந்தது, வேறொரு மரத்தின் வழியாக. சீனத்திலும் சப்பானிலும் தைவானிலும் வளரும் கற்பூரமரத்தின் சீவல்களை நீராவியில் காய்ச்சிக் கற்பூரம் பெறலாம். மரத்துக்கு மரம் ஏமாற வேண்டியதில்லை. 1895-இல் தைவான் சப்பானியர் கைக்குப் போயிற்று. 1899-இல் அவர்கள் அங்குக் கற்பூரத்தை அரசின் தனியுரிமை ஆக்கினர். பூசைத் தட்டில் எரியும் சூடமும் இம்மரவழிக் கற்பூரமே. பின்னர் அதுவும் ஆலைகளில் தேவதாரு நெய்யிலிருந்து செய்யப்படும் பொருளாயிற்று.

அம்மரத்தின் பலகையால் சீனத் தச்சர் செய்த செதுக்குவேலைப் பெட்டிகள் பினாங்கு, சிங்கப்பூர்க் கடைகளுக்கு வந்தன. படகும் பூமரமும் மேல்மூடியில் செதுக்கப்பெற்ற அப்பெட்டிகள் வெள்ளைக்காரத் துரைமார் வீட்டிலும், செல்வம் படைத்த சீனர் வீட்டிலும் இடம்பெற்றன. தமிழருள் வணிகர்களும் கங்காணிகளும் சிலர் வாங்கினர். பெட்டியே மணக்கும்; பெட்டியைத் திறந்தவரின் கையும் மணக்கும்.

தோட்டத்து லயத்தில் வாழ்ந்த தொழிலாளிக்கோ வாய்த்தது டிரங்குப் பெட்டி. மெல்லிய இரும்புத் தகட்டால் ஆகி, பச்சையோ நீலமோ பூசி, சில வேளை மூடியில் உடையவர் பெயரும் எழுதப்பெற்ற அப்பெட்டி கடல் கடந்து வந்தது. 1926-இல் கட்டப்பெற்ற ரஜூலா கப்பல் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் ஏறியவர்களைப் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் இறக்கி, 1970-களின் தொடக்கம்வரை ஓடியது. அதன் மேல்தளத்தில் பயணம் செய்தவனுக்கு டிரங்குப் பெட்டியே நாற்காலி, அதுவே தலையணை, அதுவே அவன் குடும்பத்தின் எல்லை.

இரும்பைத் தேர்ந்ததற்கு ஏழ்மை மட்டும் காரணமன்று. மரப்பெட்டியைக் கரையான் அரிக்கும், இரும்பை அரிக்காது. ஆயினும் இரும்பு வியர்க்கும். இரவுக் குளிரில் தகட்டின் உட்புறம் நீர்த்துளி படியும். துணியில் துருக்கறை ஏறும். அதனைத் தடுக்கப் பெட்டியின் அடியிலும் பக்கங்களிலும் நாளிதழைப் பரப்பினர். 1924-இல் தொடங்கிய தமிழ் நேசனும் 1935-இல் தொடங்கிய தமிழ் முரசும் படித்து முடித்தபின் இவ்வாறு இரண்டாம் பணி ஆற்றின. நூலகத்தில் கிடைக்காத பழைய இதழ்த் தாள் ஒன்று பாட்டியின் பெட்டியடியில் கிடைக்குமெனின் அது வியப்பன்று. தமிழாசிரியர்கள் மாணவரை அங்கும் தேடச் சொல்லலாம்.

டிரங்குப் பெட்டிக்குள் மருந்து ஏதும் இல்லாத நாளிலும் துணி கெடாமல் இருந்ததற்குக் காரணம் ஒன்றே. மழை ஓய்ந்து நல்வெயில் அடிக்கும் நாளில் பெட்டி திறக்கப்பட்டது. சேலைகள் கொடியில் விரிக்கப்பட்டன, இலவம்பஞ்சுத் தலையணைகள் பாயில் காய்ந்தன, அடித்தாள் மாற்றப்பட்டது. மடிப்பு விழுந்த இடத்திலேயே மீண்டும் மடிப்பு விழாதவாறு சேலைகளை மாற்றி மடித்தனர். பழமடிப்பில் பட்டு இற்றுவிடும் என்பது அவர்கள் அறிந்த பாடம். பூச்சியின் முட்டையும் புழுவும் வெயிலையும் உதறலையும் தாங்கா. திறப்பதுதான் காப்பது என்பதை அம்மகளிர் சொல்லாமலே செய்தனர். இக்கட்டுரையில் பின்வரும் பொருள்களுள் எதுவும் அத்திறப்புக்கு ஈடாகவில்லை.

சப்பானியர் ஆட்சி நடந்த 1942 முதல் 1945 வரையிலான ஆண்டுகளில் பெட்டித்துணியின் மதிப்பு எத்தகையது என்பது விளங்கிற்று. கப்பல் வரவில்லை, துணியும் வரவில்லை. சாக்கை வெட்டி உடுத்தவர் பலர். பெட்டியிலிருந்த மணச்சேலை அரிசிக்கும் மரவள்ளிக் கிழங்குக்கும் கைமாறியது. சயாம் மரண இரயில்பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டுத் திரும்பாதவர்களின் வேட்டி சட்டைகள் பல லயங்களில் மடித்தபடியே இருந்தன. அவற்றை விற்க மனம் வராதவர்களும் இருந்தனர். விற்றே ஆகவேண்டியிருந்தவர்களும் இருந்தனர்.

போருக்குப் பின் வந்த மலிவான காவலன் நாப்தலின். நிலக்கரித் தாரிலிருந்து பிரிக்கப்படும் இவ்வெண்பொருளுக்கு 1821-இல் பெயரிட்டவர் ஜான் கிட் என்னும் ஆங்கிலேய அறிஞர். 1826-இல் இதன் வேதி அமைப்பின் வாய்பாட்டைக் கண்டவர் மைக்கேல் ஃபாரடே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக்குள் இது உருண்டையாகிக் கடைக்கு வந்துவிட்டது. கற்பூரத்தைப் போலவே இதுவும் உருகாமல் ஆவியாகும், கற்பூரத்தைப் போலவே மணக்கும், விலையோ அற்பம். ஆதலின் தமிழில் இதற்கு இரசகற்பூரம் என்ற பெயரும் ஏற்பட்டது. பெயரைக் கொண்டு இதுவும் கற்பூரத்தின் உறவே என நம்பியவர் பலர். நம்பிய பிழை பொருளின் மேலன்று, பெயரின் மேல்தான்.

உருண்டை வந்தபின் பெட்டியைத் திறக்கவேண்டிய தேவை குறைந்தது. இரண்டு உருண்டையை எறிந்து மூடினால் ஓராண்டு கவலையில்லை. அவ்வாறு மூடிய பெட்டிகள் குழந்தை பிறந்த வீட்டில் ஒருநாள் திறக்கப்பட்டன. பிள்ளை பெற்ற வீட்டில் புதுத்துணியைவிடப் பழந்துணிக்கே மதிப்பு. பலமுறை துவைத்துப் பூவாய் மென்மையான பாட்டியின் சேலைதான் தொட்டிலாகும். அதன் கிழிசலே அணையாடையாகும். நாப்தலின் ஆவி நூலிழைதோறும் ஊறியிருந்த சேலை, எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிய பச்சையுடம்பைச் சுற்றி வளைத்தது. நாப்தலின் எண்ணெயில் கரைவது. எண்ணெய் படிந்த மேனியில் அது மேலும் எளிதில் உட்புகும்.

பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒன்றும் நேரவில்லை. சில குழந்தைகளின் குருதிச் சிவப்பணுக்களில், பிறவியிலேயே ஜி-6-பி-டி என்னும் நொதி குறைந்திருக்கும். தாய்வழி வரும் இக்குறை ஆண்மக்களிடையே மிகுதி. அத்தகைய குழந்தையின் சிவப்பணுக்கள் நாப்தலின் பட்டால் உடைந்து சிதைகின்றன. மஞ்சட்காமாலை ஏறுகிறது, அளவு கடந்தால் அந்த மஞ்சள்நிறப் பொருள் மூளையிற் படிந்து உயிரைப் பறிக்கும். பிழைத்த குழந்தையும் காது கேளாமலோ, கைகால் வசமின்றியோ வாழ நேரிடும். கிரேக்க நாட்டில் நாப்தலின் ஆவியால் இவ்வாறு தாக்குண்ட 21 பச்சிளங் குழந்தைகளைப் பற்றிய மருத்துவ ஆய்வு 1963-இல் வெளிவந்தது. அங்கும் காரணம் பெட்டியிலிருந்து எடுத்த துணியும் போர்வையுமே.

சிங்கப்பூரில் இந்நோய் எத்தனையோ தொட்டில்களை வெறுமையாக்கிய காலம் அது. குழந்தை மருத்துவப் பேராசிரியர் வோங் ஹாக் பூன் இம்மரணங்களுக்கும் நொதிக் குறைவுக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்து நிறுவினார். சில மூலிகை மருந்துகளும் நாப்தலின் உருண்டையும் அதனைத் தூண்டுவன எனக் காட்டினார். 1965 முதல் அந்நாட்டில் பிறக்கும் குழந்தைகளின் தொப்புள்கொடிக் குருதியைச் சோதித்து இக்குறை உண்டா என அறியும் முறை நடைமுறைக்கு வந்தது. குறையுள்ள குழந்தை சில நாட்கள் மருத்துவமனையிலேயே கவனிக்கப்பட்டது. பெற்றோர்க்கு விலக்க வேண்டியவற்றின் பட்டியல் அளிக்கப்பட்டது. மூளையைத் தாக்கும் காமாலையால் நேர்ந்த மரணங்கள் மறைந்தன. மலேசியாவும் பின்னர் இச்சோதனையை மேற்கொண்டது. ஐரோப்பிய ஒன்றியம் நாப்தலின் அந்துருண்டையைத் தடை செய்தது 2008-இல்தான் என்பதை எண்ணும்போது, சிங்கப்பூர் மருத்துவர்களின் முன்னறிவு எத்தகையது என்பது புலனாகும். நெடுங்காலமாக மக்கள் அலமாரியில் கிடந்த ஒரு பொருளைச் சந்தேகிப்பதற்குத் தனித் துணிவு வேண்டும்.

இதற்குள் பெட்டியின் வாழ்வும் மாறிவிட்டது. 1969-க்குப் பின் வேலை உரிமச் சட்டத்தால் குடியுரிமையற்ற தமிழர் பல்லாயிரவர் தாயகம் திரும்பியபோது, வந்த பெட்டியே மீண்டும் கப்பலேறிற்று. ரஜூலாவுக்குப் பின் ஓடிய எம்.வி. சிதம்பரம் கப்பலின் பயணம் 1985-இல் நேர்ந்த தீ விபத்தோடு முடிந்தது. விமானத்தில் டிரங்குப் பெட்டிக்கு இடமில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் நகரத்து அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்தனர். சிங்கப்பூரில் 1960-இல் அமைந்த வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் பெரும்பாலோரை உயரத்திற்கு ஏற்றியது. முற்றம் போயிற்று, முற்றத்து வெயிலும் போயிற்று. ஓர் அறையில் மூவர் படுக்கும் வீட்டில், வராத விருந்தினரின் மெத்தைக்கு இடமேது? காற்றை உறிஞ்சும் பை பிறந்தது பூச்சியின் அச்சத்தாலன்று, இடத்தின் நெருக்கடியால்.

அப்பையின் முன்னோர் பலர். ஜெர்மானியரான ஓட்டோ வான் கெரிக் 1650-களில் காற்று வாங்கி என்னும் பொறியைச் செய்தார். காற்று நீக்கிய இரு செப்பு அரைக்கோளங்களைக் குதிரைகள் பூட்டி இழுத்தும் பிரிக்க இயலாத காட்சியை நம் அறிவியல் பாடநூல்கள் படத்துடன் காட்டுகின்றன. 1901-இல் இலண்டனில் ஹியூபர்ட் செசில் பூத் தூசி உறிஞ்சும் பொறியை அமைத்தார். 1933-இல் இங்கிலாந்தின் ஆய்வுக்கூடமொன்றில் எதிர்பாராது கிடைத்த பாலிஎத்திலீன், பையின் தோலாயிற்று. இம்மூன்றும் ஒருங்கே இல்லத்துக்குள் வந்தது இருபதாம் நூற்றாண்டின் இறுதியில்தான்.

இதனைக் ‘காற்றிலாப் பை’ என்பது முகமன் உரையே. வீட்டுப் பொறி காற்றழுத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கையே குறைக்கவல்லது. 60 சென்டிமீட்டர் அகலமும் 80 சென்டிமீட்டர் நீளமும் உள்ள பையின் மீது அந்த ஒரு பங்கே ஏறத்தாழ ஆயிரம் கிலோகிராம் பாரமாக அழுந்துகிறது; துணி பலகையாவதன் காரணம் அதுவே. உள்ளே காற்று மீதமிருப்பதால் பூச்சியின் முட்டை மூச்சடைத்துச் சாகும் என எண்ணுவது தவறு. அருங்காட்சியகங்கள் பழந்துணியின் பூச்சியைக் கொல்லுவதற்கு ஆக்சிஜனை அரை விழுக்காட்டுக்கும் கீழே குறைத்து வாரக்கணக்கில் வைக்கின்றன. இல்லத்துப் பை செய்வது வேறு: வெளியிலிருந்து புதுப் பூச்சியும் புது ஈரமும் வராமல் தடுக்கிறது. உள்ளே இருந்த ஈரமோ வெளியேறுவதில்லை. அரைகுறையாகக் காய்ந்த போர்வையை அடைத்தவர் ஆறு மாதங்கழித்து எடுப்பது கரும்புள்ளி படர்ந்த போர்வையையே. முன்பு உருண்டையிட்டு வைத்த துணியை வெளுக்காமல் பையில் அடைத்தால், அவ்வாவியும் உள்ளேயே காத்துக் கிடக்கும்.

பட்டுச் சேலைக்கும் இப்பை பொருந்தாது. அழுத்தத்தில் மடிப்பு கூர்மையடைகிறது. சரிகை அங்கேயே முறிகிறது. ஆண்டுக்கொருமுறை மடிப்பை மாற்றிய கைகளின் வேலையை எந்தப் பையும் செய்வதில்லை. செயற்கை இழைப் போர்வைகள் பையிலிருந்து எடுத்த சில மணி நேரத்தில் மீண்டும் பருத்து எழுகின்றன. இலவம்பஞ்சு அவ்வாறு எழுவதில்லை. அதன் ஒவ்வோர் இழையும் மெல்லிய சுவரும் உள்ளே காற்றும் கொண்ட நுண்குழல். அக்காற்றினாலேயே அது தலைக்கு மெத்தென்று இருந்தது. கப்பல்களில் உயிர்காப்பு மேலாடைக்குள் அடைக்கப்பெற்று ஆளை மிதக்கவும் வைத்தது. ஆயிரம் கிலோகிராம் பாரத்தில் நுண்குழல்கள் நசுங்கி முறிகின்றன. வெயிலில் காயவைத்துக் கையால் தட்டினால் ஓரளவு எழும். முன்னிருந்த உயரத்திற்கு மட்டும் வருவதில்லை.